குப்புறப் படுத்தவர்

நாலு பேர் சேர்ந்து பயூமியைக் குப்புறப் புரட்டினார்கள். அலெக்சாந்திரியாவின் டிராம் வண்டி ஒன்றையே புரட்டியது போலிருந்தது, தீவிர சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு இப்பால் நின்ற அவர் மனைவி இன்ஷிராஹுக்கு. அவர் அந்த வண்டியை நாற்பது வருஷம் ஓட்டியவர். உடம்பும் அதே அளவு.

"அடப்பாவிங்களா, நரகத்துக்குப் போறவங்கதான் அப்படிப் படுப்பாங்க!"

செவிலி மெர்வத் வெளியே வந்தாள். "இதுதாம்மா வைத்தியம். ஃப்ளூ வந்து நுரையீரல் ஊறின பஞ்சாட்டம் ஆயிடுச்சு. மல்லாந்து கிடந்தா முதுகுப்பக்கம் அமுங்கிடும். குப்புறப் போட்டா கொஞ்சம் திறக்கும்."

இன்ஷிராஹ் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் குப்புறத்தான் படுப்பார். அந்தக் குறட்டைக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் பதில் சங்கு ஊதும். விலாவில் இடித்து இடித்து, ஒரு லட்சம் தடவையாவது அவரை மல்லாத்தியிருப்பாள். இந்தக் காய்ச்சலுக்கு ஊரிலுள்ள எலுமிச்சை அத்தனையும் பிழிந்து ஊற்றினாள். அவர் மாடியில் வளர்த்த புறாக்களில் நாலைச் சூப்பாக்கினாள். "என் பிள்ளைங்களையே எனக்கு ஊட்டுறியாடி?" என்று அழுதுகொண்டே மூன்று கிண்ணம் குடித்தார்.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. தானாகக் குப்புறப் படுத்தார். அவள் மல்லாத்தினாள். மறுபடி புரண்டார்.

"ரெண்டு பக்கமும் தலகாணிய அடச்சேன், புரளாம இருக்க" என்றாள் மெர்வத்திடம். "அவர்கிட்ட சொல்லணும். கண்ணு முழிப்பாரா?"

"அதால ஒண்ணும் ஆயிருக்காதும்மா. மயக்கத்துல வெச்சிருக்கோம். காதுல சொல்லுங்க."

உள்ளே மூச்சு எந்திரம் கடலைப் போல இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அறையே மெல்ல நகர்வது போலிருந்தது.

"யோவ், நீ படுத்ததுதான்யா சரி."

திரையில் ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. டிராம் கடற்கரையோரம் மிதந்து போயிற்று. அவர் ஓட்டுகிறார், பக்கத்தில் அவள், கூரை மேல் ஆயிரம் புறாக்கள். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்போது எண்கள் ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கத் தொடங்கின. மெர்வத் ஓடி வந்தாள், மருத்துவர் வந்தார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

மறுநாள், மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்க்க அவரை மண்ணறையில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்ததாக, அடக்கம் செய்து திரும்பியவர்கள் சொன்னார்கள்.

துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபியோடு நாத்தனார் அறைக்குள் வந்தாள். இன்ஷிராஹ் கட்டிலில் கணவர் படுக்கும் இடத்தில் குப்புறக் கிடந்தாள்.

"அண்ணி, என்ன இது? நீங்களே இப்படிப் படுக்கலாமா? திரும்புங்க."

"விடுடி. மூச்சு நல்லாத்தான் வருது."

கட்டிலின் இரண்டு பக்கமும் தலையணைகள் தரையில் கிடந்தன.