பாதித் தொட்டி

அந்த வீட்டு மீன்தொட்டியில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. இடது பாதி குளிர்ந்த தண்ணீர், வலது பாதி வெதுவெதுப்பான தண்ணீர். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு மட்டும். இடது பக்கம் ஒரு தங்கமீன், வலது பக்கம் நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர் மீன். இரண்டும் கோடு வரை வந்து ஒன்றையொன்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், அறுபத்தோரு வயது. இன்னொருத்தி அவருடைய மருமகள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இந்த இருவரையும் சொந்தமாக்கிய பையன் முந்தைய வருடம் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டான். தங்கமீன் அவன் வளர்த்தது. நடுவில் இருந்தவன் இல்லாமல் போனபின் மாமனாரும் மருமகளும் எதற்காக ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் வாரம் தவறாமல் விசாரித்துக்கொண்டிருந்தார். மாமா தன்னைப் போகச் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். போய்விடுவாளோ என்று அவருக்குப் பயம். "சாப்டீங்களா மாமா", "சாப்ட்டேம்மா" என்பதோடு அந்த வீட்டில் ஒரு நாளின் பேச்சு முடிந்துவிடும்.

ஃபைட்டரை வாங்கி வந்தவள் அவள்தான். மாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்தால் தன்னைத் திரும்பிப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். மீன்கடைக்காரர் அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். "தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும், இதுக்குச் சூடு வேணும். ஒரே தொட்டியில போட்டீங்கன்னா ஏதாவது ஒண்ணு போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க." இன்னொரு தொட்டி வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் இன்னும் ஒன்றரை அடி இடத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள். ஒன்பது மணிக்குக் கிளம்பும் முன் அவர், மருமகளின் மீன் குளிரில் வாடுமே என்று ஒரு கெட்டில் வெந்நீரை வலது மூலையில் மெல்ல ஊற்றுவார். மாலையில் அவருக்கு முன்னால் வீடு திரும்பும் அவள், மாமாவின் மீன் சூட்டில் தவிக்குமே என்று இடது மூலையில் நான்கு ஐஸ்கட்டி போடுவாள். வெளியே சொன்னால் சொல்லிக்காட்டியதாகிவிடும் என்று இருவரும் மூச்சு விடவில்லை. ஏழு மாதம் இப்படி நடந்தது. தண்ணீரும் எத்தனை நாள்தான் இரண்டு பேருக்கும் தலையாட்டும்? பிரிந்துகொண்டது.

ஒரே வாரத்தில் கோடு தொட்டியை விட்டு இறங்கி, கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசையின் நடுவே ஓடி, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. இந்தப் பக்கம் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்தப் பக்கம் அவள் விசிறிக்கொண்டே சாப்பிட்டாள். தபால்காரர் வந்து சரியாகக் கோட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தார்; ஒரு காது வியர்த்தது, ஒரு காது விறைத்தது. இந்த வயதில் தனக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று எழுந்து போனவர், அதன் பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டார். தெருவுக்கும் இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

அடுத்த வருடம் பரிசோதனைக் கூடம் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கிளை திறந்தது. அவளைப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள்; அங்கே காலை பத்து மணிக்குப் போனால் போதும். இஷ்டமில்லையென்றால் பத்து நாளில் சொல்லிவிடலாம். அவள் கடிதத்தை மேசையில் கோட்டின் மேல் வைத்தாள். "என்ன மாமா பண்ணட்டும்?" என்றாள். அவர் லென்ஸைப் பார்ப்பது போல அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு முறை படித்தார். 'இரு' என்ற சொல் தொண்டை வரை வந்தது. எந்த உரிமையில் சொல்வது? வாழ வேண்டிய பெண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது.

"நல்ல வேலைம்மா. விட்டுடாத," என்றார்.

பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். "சரி மாமா," என்று எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அந்தப் பத்து நாளும் இருவரும் மிகுந்த அன்போடு தப்புத் தப்பாக நடந்துகொண்டார்கள். அவர் அவளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அவள் அவருடைய சட்டைகளுக்கெல்லாம் பட்டன் தைத்து வைத்தாள்.

புறப்படும் நாளில் ஃபைட்டரை எடுத்துக் கொடுக்க மீன்கடைக்காரர் வந்தார். ஒரு குவளையில் மீனை மொண்டு வாளியில் விட்டார். வெதுவெதுப்பான பாதித் தண்ணீர் முழுவதும் அதன் பின்னாலேயே எழுந்து வந்து வாளிக்குள் உட்கார்ந்தது. குளிர்ந்த பாதி அசையவில்லை. ஒரு பக்கம் காய்ந்து கிடக்க, மறுபக்கம் தண்ணீர் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. தங்கமீன் விளிம்பு வரை வந்து, கீழே விழாமல் திரும்பியது. "இதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லீங்க," என்று சொல்லிவிட்டு அவர் குவளையை எடுத்துக்கொண்டு போனார். மருமகள் வாளியோடு ரயில் ஏறினாள்.

வீட்டுக்குள் ஓடிய கோடு அன்றே மறைந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரே குளிர். அவர் தனியாக இருந்தார். கடையில் எட்டு மணி நேரம் யார் யாருக்கோ பார்வை தெரிய லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். காலையில் கை மட்டும் பழக்கத்தில் கெட்டிலைத் தூக்கும். வெந்நீரைக் காலிப் பக்கத்தில் ஊற்றுவார். அடியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஆவியாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். இங்கயும் தொட்டியில பாதிதான் நிக்குது. ஹீட்டர் கிடையாது. ஆனா தினமும் காலைல ஒம்பதுக்குத் தண்ணி சூடாகுது. நீங்க அங்க ஏதாவது பண்றீங்களா?"

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "வெந்நி ஊத்தறேம்மா. நீ இங்க இருந்தப்பவும் ஊத்தினேன். உன் மீனுக்குக் குளிருமேன்னு."

"நான் சாயங்காலம் ஐஸ் போட்டேன் மாமா. உங்க மீனுக்கு. இப்பவும் காலியா இருக்கற பக்கம் போடறேன். போட்டதும் காணாமப் போயிடுது."

"அதான் சாயங்காலமானா இங்க தங்கமீன் துள்ளுதா," என்றார். அப்புறம், இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற தைரியத்தில், "உன்னை இருன்னு சொல்லத்தாம்மா நினைச்சேன்," என்றார்.

"சொல்லியிருந்தா இருந்திருப்பேன் மாமா."

திரும்பி வா என்று அவர் கேட்கவில்லை. அங்கே அவளை நம்பி ஒன்பது பேர் வேலை செய்தார்கள். வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

ஆறு வருடம் போய்விட்டது. இரண்டு ஊரிலும் இரண்டு பாதித் தொட்டிகள் நிற்கின்றன. அவற்றை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார், ஆனாலும் ஒன்பது மணி தவறுவதில்லை. போன மாதம் ஒரு நாள் காலையில் முழங்கால் வலி பிடித்துக்கொண்டது, கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஒன்பதேகாலுக்குப் போன் அடித்தது.

"தண்ணி இன்னும் சூடாகலையே மாமா. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா, கால்தான். இதோ வைக்கறேன்," என்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.