தாளம் தைத்தவர்

நண்பர்கள் நால்வர் ராக் இசைக்குழு ஆரம்பித்தார்கள். பிளம்பர் குழாய் ஊதினார், சமையல்காரர் அண்டாவை உருட்டினார், லாரி டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே பாடினார். தாளத்துக்குத் தையல்காரரின் மிதி மெஷின். ஆனால் ஊசிக்கடியில் துணி இல்லையென்றால் அவர் கால் ஒழுங்காக மிதிக்காது. தொழில் புத்தி அப்படி.

"இன்னிக்கும் சொதப்பினா உன்னைக் கழட்டி விட்டுடுவோம், மாப்ளே" என்றார் பிளம்பர், மேடையேறும்போது. வாரம் முழுக்கத் தையல்காரர் காத்துக் கிடப்பதே இந்தக் கூத்துக்காகத்தான்.

முதல் பாட்டிலேயே தாளம் தள்ளாடியது. பிளம்பர் முறைத்தார். தையல்காரர் பக்கத்தில் தொங்கிய மேடைத் திரையை இழுத்து ஊசிக்கடியில் செருகினார். அவ்வளவுதான், தாளம் குதிரையாய்ப் பாய்ந்தது. கூட்டம் நாற்காலிமேல் ஏறி ஆடியது.

நான்காவது பாட்டு முடிந்தபோது திரை முழுக் கால்சட்டையாகியிருந்தது. யானைக்கே போட்டுவிட்டாலும் இடுப்பில் மட்டும் கொஞ்சம் தொளதொளக்கும்.

அரங்கக்காரர் ஓடி வந்தார். "என்னய்யா இது, என் திரையை?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே, வேலை இன்னும் முடியல" என்ற பிளம்பர், தையல்காரர் பக்கம் திரும்பினார். "மாப்ளே, அடுத்த பாட்டுல பாக்கெட் வச்சுடு."

தையல்காரர் மிதிக்க ஆரம்பித்தார்.