தேன் ஊற்றிய பேரிக்காய்

1.

இந்தக் கதை ஓர் ஒயின் கடைக்காரரின் வாயிலிருந்து விழுந்தது. இனிப்பு ஒயின் வாங்கப் போன என்னிடம் அவர் சொன்னார்: "கூட வைக்கிற பண்டத்தை விட ஒயின்தான் இனிப்பா இருக்கணும். மாறிப்போச்சுன்னா ஒயின் புளிச்சுடும்." பாட்டிலில் ஒன்றும் மாறாதாம், குடிப்பவர் நாக்கில்தான் மாறுமாம். வீடு வந்து சேர்வதற்குள் ஓர் அக்காவும் தங்கையும் எனக்குள் குடியேறிவிட்டார்கள்.

2.

முதல் வரி: "திராட்சைத் தோட்டத்தின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த..."

வேண்டாம். பனி இறங்கினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். அக்காவுக்குத் திராட்சைத் தோட்டம். மற்றவர்கள் அறுவடை முடித்த பிறகும் அவள் குலைகளைக் கொடியிலேயே விட்டாள். பழம் வதங்க வதங்கச் சர்க்கரை ஏறும். நடுவில் மழை பிடித்தால் அத்தனையும் அழுகும். தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து, விளைந்தது முழுவதையும் இனிப்பு ஒயினாக்கினாள். ஓர் உணவக முதலாளி மதியச் சாப்பாட்டில் அதை ருசி பார்த்து வாங்காவிட்டால், கடனுக்குத் தோட்டம் கைமாறும்.

தங்கை அதே உணவகத்தில் இனிப்புகள் செய்பவள். தலைமைச் சமையல்காரி பதவி அவளுக்கா இல்லையா என்பதையும் அதே முதலாளி, அதே மதியச் சாப்பாட்டில்தான் முடிவு செய்கிறார். (இருவரையும் ஒரே மேஜையில் மாட்டிவிட்டது நான்தான். கதை எழுதுகிறவளுக்கு ஈவிரக்கம் கிடையாது.)

3.

ஒயினோடு என்ன வைப்பது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்: நீலப் பூஞ்சை ஓடிய, உப்பு ஏறிய பாலாடைக்கட்டி போதும், இல்லாவிட்டால் சர்க்கரை சேர்க்காமல் சுட்ட பேரிக்காய். தங்கை பேரிக்காயைத்தான் சுட்டாள். ஆனால் முதலாளி இனிப்பென்றால் உயிரை விடுகிறவர். தட்டு வெளியே போகும் நேரத்தில் பயம் வந்து, அதன்மேல் தேன் பாகை ஊற்றிவிட்டாள்.

[அக்கா சொன்னது அவளுக்கு மறந்துபோயிற்றா? 'மறந்தாள்' என்று எழுதினேன், அடித்தேன். 'தெரிந்தே ஊற்றினாள்' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.]

4.

தட்டு மேஜைக்கு வந்தது. பாகு பளபளப்பதை முதலாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா பார்த்தாள். தட்டின் பக்கத்தில் சின்னக் குவளையில்* அவளுடைய ஒயின். சமையலறைக் கதவருகே தங்கை.

முடிவு (அ): அக்கா முதலாளியை முதலில் ஒயினைக் குடிக்கச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவர் ரசித்தார், பேரிக்காயைத் தின்றார், மறுபடி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். உதவாது.

முடிவு (ஆ): தட்டைத் திருப்பி அனுப்புகிறாள். ஒயின் பிழைக்கும். தங்கையின் மானம் அங்கேயே...

முடிவு (இ): சும்மா இருக்கிறாள். ஒயின் புளிக்கும். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்தது யார் என்று அவர் கேட்பார். அக்கா தங்கை இருவரும் நடுத்தெருவில்.

(* இந்த ஒயினைத் தண்ணீர் மாதிரி ஊற்ற மாட்டார்கள்.)

5.

அவர் கரண்டியை எடுத்தார். அக்கா குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். இது இன்னும் பக்குவப்படல. இந்த வருஷம் தர முடியாது."

நான் இதைத் திட்டமிடவில்லை. முதலாளி சரி என்று தலையாட்டிவிட்டுப் பேரிக்காயை வாயில் போட்டார். பிரமாதம் என்றார். தங்கையைக் கைகாட்டி அழைத்தார்.

அவள் வந்து நிற்கிறாள். அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். 'ஒயினில் குறையில்லை, தேனை ஊற்றியது நான்தான்' என்று தங்கை சொன்னால் தோட்டம் பிழைக்கும், பதவி போகும். சொல்லாவிட்டால் பதவி அவளுக்கு.

அவள் வாய் திறந்தாளா என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். இங்கே எதை எழுதினாலும், தங்கையின் இடத்தில் நான் என்ன செய்வேன் என்பதற்கு அதையே என் பதிலாக எடுத்துக்கொள்வாள்.

நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம், அக்கா வாசலை நெருங்கிவிட்டாள்.