பன்னிரண்டு முறை அழித்த இருட்டு

வானத்துப் படங்களைச் சரிசெய்யும் நோயமி அயாவிரே எழுதிய புகார் ஒரே வரிதான்: கேமராவின் ஒளி வடிகட்டிக் கண்ணாடியில் தூசி, சுத்தம் செய்தவர் காஸ்தோன் லியெந்த்ரோ. அந்த வரியால் நாலு மணிக் கூட்டத்தில் காஸ்தோனின் வேலை போகப்போகிறது. அட்டகாமா பாலைவன மலையுச்சியில் இருந்த அந்த வானாய்வு நிலையத்தில் அப்போது பகல் மணி மூன்று.

அவன் சும்மா இருப்பானா? நேரே கணினி அறைக்கு வந்துவிட்டான்.

"ஏம்மா, நான் துடைச்ச கண்ணாடியிலயா தூசி?"

"பன்னெண்டு படத்துலயும் அதே இடத்துல கறுப்புப் புள்ளி. பின்ன என்ன, பேயா? ஒவ்வொண்ணா உக்காந்து அழிச்சிருக்கேன்."

"தொலைநோக்கியக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தித்தானே எடுப்பீங்க? தூசின்னா கேமராவோட வரும். வானத்துல இருக்கிறதுன்னா நட்சத்திரத்தோட போகும்."

நோயமிக்குச் சுருக்கென்றது. நேரம் மிச்சமாகுமென்று இந்த முறை நகர்த்த வேண்டாம் என்றவளே அவள்தான்.

"ராத்திரி வானத்துல தெரியற கறுப்புத் திட்டுக்கு, மலையில மேய்ற லாமா மிருகத்தோட பேர வச்ச ஊர்க்காரி நீ," என்றான் காஸ்தோன். "நீ போய் கறுப்பக் கண்டா அழிக்கிறியே!"

ஊரை இழுத்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் நாள் சோதனைக்காக, தொலைநோக்கி சற்று விலகியிருந்தபோது எடுத்த படம் ஒன்று கிடந்தது. அதைத் திறந்தாள். நட்சத்திரங்கள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. கறுப்புப் புள்ளியும் அவற்றோடு ஒதுங்கியிருந்தது.

தூசியாவது மண்ணாவது! பக்கத்து அண்டமான மெகல்லன் மேகத்தில், நட்சத்திரம் பிறக்கிற நெபுலாவுக்குள் அடர்ந்து கிடக்கும் கரும்புகை அது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெளிச்சம் போகவே மூன்று வருஷம் ஆகும். அதைத்தான் அவள் சட்டைக் கறைபோலத் தேய்த்து அழித்திருந்தாள்.

புகையை ஊடுருவிக் காட்டும் அகச்சிவப்புப் படத்தை அதன் மேலே பொருத்தினாள். இருட்டின் நடுவயிற்றில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷம் வழிநடந்து வந்த வெளிச்சம். அது கிளம்பியபோது இந்தப் பாலைவனத்தில் மனிதக் காலடியே பட்டிருக்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தலைமை அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"மேடம், அந்தப் புகாரக் கிழிச்சிடுங்க. கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுது."

"அப்ப அந்தப் புள்ளி?"

நோயமி போனைக் காஸ்தோனிடம் நீட்டினாள்.

"நட்சத்திரம் பொறந்திருக்குங்க, மேடம்," என்றான் அவன்.