தோலில் ஏறிய பெயர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் சீனாவின் நிங்போ நகரத்தில் ஆப்பிளுக்கு இருக்கும் மவுசு வேறு எதற்கும் இருக்காது. மற்ற நாளில் தள்ளுவண்டியில் ஏனென்று கேட்க ஆளில்லாமல் கிடக்கும் பழம்கூட அன்றைக்கு ஜிகினாத் தாளும் ரிப்பனுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். ஆப்பிள் கொடுத்தால் வாங்கியவர் வருஷம் முழுக்கச் சுகமாக இருப்பார் என்று பேர். ஒரு பையன் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அதற்கு அர்த்தமே வேறு.

லியாங்பின் கொண்டுவந்த பழத்துக்கு ஜிகினா தேவைப்படவில்லை. சலூனில் தலை அலசிவிட்டுத் தரை கூட்டுகிறவன் அவன். அதே கடையில் முடி வெட்டும் யாச்சின், செப்டம்பரில் ஒருநாள் அவன் தன் ஆசையைச் சொன்னபோது சிரித்து, "கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேளு, பதில் சொல்றேன்" என்றாள். பைத்தியக்காரன், நம்பினான். அவள் பெயரை ஸ்டிக்கராக வெட்டி, சொந்த ஊரான யந்தாயில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா நல்ல காயாகப் பார்த்து மரத்திலேயே ஒட்டினாள். வெயில் பட்டுப் பழம் சிவந்தது. ஒட்டிய இடத்தில் மட்டும் பெயர் வெளுப்பாக நின்றது.

பார்சலுக்கு முன்னாலேயே அம்மாவின் போன் வந்துவிட்டது. "வீட்டுக்குன்னு விட்ட மரம்டா, மருந்தே அடிக்கல. தோலைச் சீவ விடாதே. இனிப்பெல்லாம் தோல்லதான் இருக்கு. என் மருமகளைத் தோலோட சாப்பிடச் சொல்லு."

"அவ இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா."

"பேரு பழத்துல ஏறிடுச்சே, இனி எங்க போவா?"

எங்கே போவாளா? நவம்பரிலிருந்து சலூன் முதலாளி கூ என்பவரின் காரில்தான் போய்க்கொண்டிருந்தாள். மழை பெய்கிறது, போகிற வழியில் இறக்கிவிடுகிறார் என்று லியாங்பின் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மழை இல்லாத நாளிலும் அதையே சொல்லிக்கொண்டான்.

கண்ணாடிக் கதவில் சாக்சபோன் ஊதும் கிறிஸ்துமஸ் தாத்தா ஒட்டியிருந்தார். அவருக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் பழத்தை யாச்சினிடம் நீட்டினான்.

"ஐயோ, என் பேரு!" என்று அவள் நிஜமாகவே வாயைப் பிளந்தாள். அந்த ஒரு நொடி அவன் ஜெயித்துவிட்டான். அப்புறம் அவள் பார்வை கல்லாவில் உட்கார்ந்திருந்த கூவிடம் போனது.

"முதலாளி, இங்க பாருங்க. என்னை மரத்துல வளத்திருக்கான்!"

"அப்ப நறுக்கித் தின்னுட வேண்டியதுதான்" என்றார் கூ. கடையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தாள்.

"சீவாதே யாச்சின். மருந்தடிக்காத பழம். தோலோட சாப்பிடணும்னு அம்மா..."

"பட்டிக்காட்டுப் பழத்தைத் தோலோட எவ திம்பா?"

கத்தரி பிடித்துப் பழகிய கை. தோல் எங்கும் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கியது, பெயரும் அதோடு இறங்கியது. முதல் துண்டைப் பல்குச்சியில் குத்தி முதலாளிக்கு ஊட்டினாள். மீதி கடை முழுக்கச் சுற்றி வந்தது. அவன் பக்கம் வரும்போது தட்டு காலி.

"பதில் சொல்றேன்னியே" என்றான் லியாங்பின். கேட்டிருக்கக் கூடாது. வெட்கம்கெட்ட நாக்கு கேட்டுவிட்டது.

"இன்னுமா புரியல?" தோல் சுருளை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இந்தா, உங்கம்மா ஆசையை நீயே தீர்த்துவை."

"தின்னுடா, அவ பேராவது கிடைக்குதே!" என்றார் ஈரத்தலையோடு இருந்த வாடிக்கையாளர். கூ கைதட்டினார்.

அதை அவள் முகத்தில் விட்டெறிந்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் நாளைக்கு அவளைப் பார்க்க முடியாதே என்றது பாழாய்ப்போன மனசு. வாங்கி வாயில் திணித்துக்கொண்டான். அவன் விழுங்கி முடிக்கும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டார் கூ.

"இனிப்பா இருக்கு முதலாளி."

அவன் பொய் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. இனிப்பெல்லாம் தோலில்தான் இருந்தது.