கத்தரிக்காய் கம்பெனி

சோதனையின் முதல் ஓட்டத்திலேயே எல்லாம் தேறிப் பச்சையாக வந்தால் நான் நம்ப மாட்டேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய எந்தப் புரோகிராமும் முதல் தடவை ஒழுங்காக ஓடியதில்லை. அடுத்தவர் எழுதியது மட்டும் எப்படி ஓடும்? அதிலும் எழுதியவள் என் நாத்தனார்.

நாத்தனார் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

எங்கள் ஆபீஸ் வேலை இதுதான். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல ஓட வைக்கலாம். புத்தகத்தில் அதை மெய்நிகர் இயந்திரம் என்பார்கள், நாங்கள் மெஷின் என்போம். வாடிக்கையாளர்களுக்கு அந்த மெஷின்களை உருவாக்க, நிறுத்த, அழிக்க எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. பெரிய கம்ப்யூட்டரை எங்களுக்கு வாடகைக்குத் தருவது வேறொரு கம்பெனி. இதுவரை அப்படி ஒரே ஒரு கம்பெனிதான். அதனால் அதன் வழக்கங்கள் எங்கள் மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் ஊறிக் கிடந்தன. இப்போது இரண்டாவதாக ஒரு கம்பெனியும் வேண்டும், நாளைக்கு மூன்றாவதும் வரலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆகவே மென்பொருளைப் பிரித்து, பொதுவானதை நடுவில் வைத்து, கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதைத் தனித்தனி பிளக்-இன்களாக வெளியே எடுக்கும் வேலை. நடுப்பகுதி 'ஒரு மெஷின் வேண்டும்' என்று மட்டும் சொல்லும். அதை எப்படிச் செய்வது என்பது பிளக்-இன்னின் பாடு. நடுப்பகுதியும் பழைய கம்பெனியின் பிளக்-இன்னும் என் கைவேலை. புதுக் கம்பெனிக்கான பிளக்-இன்னை எழுத எடுக்கப்பட்டவள்தான் நாத்தனார்.

முன்பு வேலை பார்த்த இடம் மூடிவிட, அவள் இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டு ஹாலில் வந்து இறங்கினாள். "உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாமே?" என்று என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். நேர்முகத் தேர்வில் அவளாகவேதான் தேறினாள். அதையும் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது அது தற்காலிக வேலை. நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது வெள்ளிக்கிழமை முடிவாகும். நிரந்தரமானால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடுவாள், என் சமையலறை எனக்குத் திரும்பக் கிடைக்கும். நியாயமாகப் பார்த்தால் அவளுக்காக நான்தான் முதலில் வேண்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் என் புத்தி அப்படி. அவள் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் நான் போய் ஒரு திருகு திருகிப் பார்ப்பேன். அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளரை இன்னொரு தடவை கழுவித்தான் தண்ணீர் குடிப்பேன்.

"ஏன்டி, அவ என்ன விஷமா தடவி வெச்சிருக்கா?" என்பார் வீட்டுக்காரர்.

"சோப்பு வாசனை அடிக்குதுங்க."

அவள் இதைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒன்றும் சொல்லாதவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் மூக்கில் வியர்க்கும்.

திங்கட்கிழமை காலை அவள் என் மேஜைப் பக்கம் வந்தாள்.

"அண்ணி, எல்லா சோதனையும் பச்சை."

நான் திரும்பவில்லை. "எத்தனாவது ஓட்டத்துல?"

"முதல் ஓட்டத்துலயே. ஆனா ஒண்ணு இடிக்குது அண்ணி. என் பிளக்-இன் ஓடினா ஓடினதுக்கு அடையாளமா பதிவுல ஒரு வரி எழுதிட்டுப் போகணும். அந்த வரியக் காணோம்."

"சரியாத் தேடியிருக்க மாட்ட."

தன் மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டாள். பின்னால் மாட்டினால் தப்பிக்க இப்போதே முட்டுக்கொடுத்து வைக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

அதன்பிறகு அவள் எழுதிய புரோகிராமைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே பெரிய குற்றமாகத் தெரிந்தது. புதன்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் புதுக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் பெயரில் அங்கே எந்தெந்த மெஷின் ஓடுகிறது என்று அந்தப் பக்கம் காட்டும். காலியாக இருந்தது. பழைய கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். புது இடத்தில் உருவானதாகச் சோதனை சொன்ன மெஷின்கள் அத்தனையும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அகப்பட்டாள், கையும் களவுமாக! மனசு குளிர்ந்தது, மறைப்பானேன்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சரிசரி. எதைச் சொன்னாலும் அந்த ஒரு பதில்தான். காபி மெஷின் பக்கம் அவரை மடக்கினேன்.

"சார், புதுக் கம்பெனியில ஈ காக்கா இல்ல. பச்சை காட்டறதுக்கு ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கா. எங்க வீட்டுப் பொண்ணுதான், ஆனா வேலைன்னு வந்தா வேலை சார்."

"சரி சரி," என்றார். பிறகு கப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்ப வெள்ளிக்கிழமை விஷயத்தை யோசிக்கணும்," என்றார்.

மறுநாள் காலை கண்ணாடி அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நாத்தனார் மடிக்கணினியைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தாள்.

"ஏம்மா, ஒரு மெஷின் கூட அங்க போகலையாமே?"

அவள் பதறுவாள் என்று பார்த்தேன். பதறவில்லை. "ஆமா சார். நேத்து சாயங்காலம்தான் ஏன்னு பிடிபட்டுச்சு. ஒண்ணு காட்டட்டுமா?"

எந்தக் கம்பெனியில் மெஷின் வேண்டும் என்று எழுதும் இடத்தைத் திறந்தாள். அங்கிருந்த புதுக் கம்பெனியின் பெயரை அழித்துவிட்டுக் கத்தரிக்காய் என்று அடித்தாள். ஓட்டினாள். திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சை பச்சையாக விழுந்துகொண்டே போயிற்று. கத்தரிக்காயிடம் மெஷின் கேட்டோம், கத்தரிக்காயும் கொடுத்துவிட்டது.

சரிசரி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கத்தரிக்காய்னு ஒரு கம்பெனி இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையிலேயே கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

இதைச் செய்த வரி எது என்று அங்கிருந்த யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுப்பகுதியை நானே திறந்து காட்டினேன். பிளக்-இன் கிடைக்காவிட்டாலோ, கிடைத்தும் மக்கர் செய்தாலோ, சத்தம் போடாமல் பழைய கம்பெனிக்கே போய்விடு என்று ஒரு கட்டளை. நான் எழுதியது. எழுதிய அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். யாரோ ஒருத்தி எழுதப்போவதை நம்பி வாடிக்கையாளரின் மெஷினை விட முடியுமா? அந்த யாரோ ஒருத்தி யார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்த வரிகளை நீக்கினேன். அவள் புதுக் கம்பெனியின் பெயரைத் திரும்ப எழுதி ஓட்டினாள். சிவப்பு. 'புதுக் கம்பெனியின் கடவுச்சொல் தரப்படவில்லை. அது இல்லாமல் மெஷின் உருவாக்க முடியாது.'

கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. தேவைப்பட்டால் வந்து கேட்கட்டும் என்று வைத்திருந்தேன். அவள் பிளக்-இன் ஒவ்வொரு ஓட்டத்திலும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கேட்டதை என் நடுப்பகுதி விழுங்கிவிட்டுப் பச்சையைக் காட்டியிருக்கிறது.

அவளோ அந்தச் சிவப்பைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பதான் சார் இது வாயத் தொறந்து பேசுது."

கடவுச்சொல்லைப் போட்டேன். ஓட்டினாள். பச்சை. புதுக் கம்பெனியின் பக்கத்தில் ஒவ்வொன்றாக மெஷின்கள் முளைத்தன. பதிவில் அவள் தேடிய அந்த ஒரு வரியும் இருந்தது. சரிசரி எழுந்து கிளம்பப் பார்த்தார். விட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய வெள்ளிக்கிழமை முடிவு என் வாயில் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது?

"சார், நேத்து நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. தில்லுமுல்லு என் புரோகிராம்லதான் இருந்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"சரி சரி," என்றார் அவர்.

முந்தின நாள் நான் போய்ச் சொன்னது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போனாள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அவள் திட்டாமல் போனது கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமானது. சரிசரிதான் வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் தயங்கினார்.

"இனிமே அவங்க புரோகிராமை நீங்க பார்க்க வேண்டாமாம். வேற யாராவது பார்க்கட்டும்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"சரி சரின்னுட்டேன்."

அன்றைக்கு நான் சீக்கிரமே வீட்டுக்குப் போய் எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன். டம்ளர்களைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்தேன். என்னால் முடிந்த சமாதானம் அதுதான். அவள் வந்தாள். அறைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். பிறகு சமையலறைக்கு வந்து, நான் கழுவி வைத்த டம்ளர் ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். குழாயைத் திறந்து, அதை இன்னொரு தடவை கழுவி, தண்ணீர் பிடித்துக் குடித்தாள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சோப்பு வாசனை அடிக்குது அண்ணி," என்றாள்.

அவள் போனபிறகு நானும் ஒரு டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.