வெள்ளிமலைக்குப் போன மூன்று படிகங்கள்

மறுநாள் காலை எட்டு மணிக்கு நிர்மலா சென்னையில் இருக்க வேண்டும். அங்கே ஓர் ஆய்வகத்தில், ஹீலியத்தால் குளிர்வித்து அளக்கும் கருவியை ஒரே ஒரு படிகத்துக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவளிடம் இருந்ததோ மூன்று. எல்லாமே பேரியமும் இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தவை. ஒன்றில் கோபால்ட் இல்லை, இன்னொன்றில் கொஞ்சம், மூன்றாவதில் சரியான அளவு. பஸ்ஸில் டப்பா கவிழ்ந்து, எது எதுவென்று தெரியாமல் கலந்துவிட்டன.

பிரித்தறிய வழி இருந்தது. இந்தப் பொருளைக் குளிர்வித்தால், உள்ளே இரும்பு அணுக்கள் குட்டிக் காந்தங்களாக எதிரும் புதிருமாக அணிவகுக்கும். அந்த நேரத்தில் மின்தடை சட்டென்று மாறும். கோபால்ட் கூடக் கூட அணிவகுப்பு இன்னும் அதிகக் குளிருக்குத் தள்ளிப்போகும். அது நடக்கவே நடக்காத படிகம்தான் ஹீலியக் குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும். அணிவகுப்பைப் பார்க்கத் திரவ நைட்ரஜன் போதும். ஆனால் அவள் பாடம் நடத்தும் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் அது தீர்ந்துபோயிருந்தது.

ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் பொன்னுரங்கத்திடம், உறைந்த காளை விந்தைப் பாதுகாக்கும் கேனில் மூன்று லிட்டர் திரவ நைட்ரஜன் இருந்தது. நிர்மலா விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசித்தார்.

"தரேங்க மேடம். ஆனா உள்ள ஒரு ஊசி இருக்குது. வெள்ளிமலையில பெரியம்மாள் வூட்டு மாடு காலையிலேர்ந்து கத்திக்கினு இருக்குது. அத்த போட்டப்புறந்தான் மிச்சம் உங்களுக்கு."

மீட்டரையும் பேட்டரியையும் மடியில் கட்டிக்கொண்டு அவள் அவருடைய பைக்கில் பின்னால் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை வளைவுகளில் வண்டி சாய்ந்தபோதெல்லாம் தன்னைவிடப் படிகங்களுக்காகவே பயந்தாள்.

மாட்டின் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பெரியம்மாள் கொட்டகை ஓரமாக ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தாள். நிர்மலா முதல் படிகத்தைக் கம்பிகளில் பொருத்தி, புகையும் நைட்ரஜனுக்குள் மெல்ல இறக்கினாள். மைனஸ் நூற்று முப்பத்தைந்து டிகிரியில் எண் துள்ளியது. கோபால்ட் இல்லாதது. இரண்டாவது, நூற்று எழுபதைத் தாண்டித் தாமதமாக அசைந்தது. மூன்றாவதில் கடைசிவரை ஒரு சலனமும் இல்லை. அவள் மூச்சு விட்டாள்.

பொன்னுரங்கம் மீட்டரை எட்டிப் பார்த்தார். "அப்போ காந்தம் செத்தாத்தான் கரண்டு தாராளமா ஓடும்?"

"முழுசா செத்துடக் கூடாதுங்கண்ணே. வரிசை கலையணும், துடிப்பு மட்டும் மிச்சம் இருக்கணும். அந்தத் துடிப்புதான் எலெக்ட்ரானுங்கள ஜோடி சேக்குதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல."

"இன்னா, தெரியாமலேவா இத்தன பாடு?"

"தெரிஞ்சுட்டா நான் இன்னாத்துக்குங்க?"

மாட்டைத் தடவிக்கொண்டிருந்த பெரியம்மாள் சிரித்துவிட்டாள். மூவருக்கும் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள்.

மறுநாள் சென்னைக் கருவியில் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போனது. மைனஸ் இருநூற்று ஐம்பதில் மின்தடை வளைந்தது, சரிந்தது, பூஜ்யத்தில் படுத்தது. பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவி கைதட்டினாள். நிர்மலா அந்தக் கோட்டைப் படம் எடுத்துப் பொன்னுரங்கத்துக்கு அனுப்பினாள். பிறகு கீழே கேன்டீனுக்குப் போய், ஒன்றுக்கு இரண்டாக நெய் தோசை சொன்னாள்.